முதல் முழுத்தானிய பியர்: 1.044 எதிர்பார்த்தேன், 1.036தான் வந்தது

கிழக்குலண்டன் (சனி இரவு)

வணக்கம். இரண்டு வருடமாக டப்பாவில் வரும் மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி) பாகை வைத்துத்தான் வீட்டில் பியர் காய்ச்சுகிறேன். பாகை வெந்நீரில் கரைத்து, கசப்புக்காக ஹாப்ஸ் பூவைப் போட்டுக் கொதிக்கவிட்டு, ஆறவைத்து ஈஸ்ட் தூவினால் வேலை முடிந்தது. ஆனால் தானியத்திலிருந்து சர்க்கரையைப் பிரிப்பதுதான் இதில் உண்மையான வேலை, அதை வேறு யாரோ முடித்து டப்பாவில் அடைத்துக் கொடுத்துவிடுகிறார்கள். அதையும் என் கையால் செய்து பார்க்கவேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. இன்று செய்துவிட்டேன். காலை எட்டுக்கு ஆரம்பித்து, பாத்திரம் கழுவி முடிக்கும்போது மாலை நான்கு.

எடுத்தது இவ்வளவு: மாரிஸ் ஆட்டர் மால்ட் 4.2 கிலோ, கிரிஸ்டல் மால்ட் 300 கிராம், இரண்டும் கடையிலேயே உடைத்து வாங்கியது. ஹாப்ஸில் 'ஈஸ்ட் கென்ட் கோல்டிங்ஸ்' என்ற வகை, கொதி தொடங்கியதும் 40 கிராம், முடிய 15 நிமிடம் இருக்கும்போது 20 கிராம். ஈஸ்ட் சேஃப்ஏல் எஸ்-04 ஒரு பொட்டலம். மாஷ் செய்ய (மால்ட்டை வெந்நீரில் ஊறவைக்க) 25 லிட்டர் கூல்பாக்ஸ் ஒன்றில் குழாய் பொருத்தி, உள்ளே எஃகு வலை வைத்திருக்கிறேன்.

12 லிட்டர் தண்ணீரை 75 டிகிரிக்குச் சுடவைத்து கூல்பாக்ஸில் ஊற்றி, மால்ட் மொத்தத்தையும் அதில் கொட்டிக் கிளறினேன். 67 டிகிரியில் நிற்கவேண்டும் என்பது கணக்கு. தெர்மாமீட்டரை ஒரு மூலையில் விட்டால் 61 காட்டுகிறது, நடுவில் விட்டால் 70 காட்டுகிறது. எதை நம்புவது என்று தெரியாமல் மூடிவைத்துவிட்டேன். ஒரு மணி நேரம் கழித்து வடித்து, 10 லிட்டர் வெந்நீரை இரண்டு தடவை ஊற்றி அலசி எடுத்தேன். கொதிக்கவிடுவதற்கு முன் 27.5 லிட்டர் இருந்தது, கொதித்து ஆறியபின் ஃபெர்மென்டரில் (நொதிக்கவிடும் கலத்தில்) 23 லிட்டர். அளவெல்லாம் சரியாகவே வந்தது, ஆனால் ஹைட்ரோமீட்டர் (கரைந்த சர்க்கரையை அடர்த்தியாகக் காட்டும் கருவி, வெறும் தண்ணீருக்கு 1.000) 1.036 காட்டுகிறது. 1.044 வரவேண்டும். எங்கே போனது அந்த எட்டுப் புள்ளி (0.001 ஒரு புள்ளி)? ஃபெர்மென்டரை மூடி ஏர்லாக் போட்டாயிற்று, இனி இதில் செய்வதற்கு ஒன்றும் இல்லை. அடுத்த தடவைக்காகவாவது காரணம் தெரியவேண்டும்.

ஸ்கார்பரோதம்பி (சனி இரவு)

அண்ணை, முதலில் வாழ்த்துகள். அளவுகளை எல்லாம் எழுதிவைத்திருக்கிறீர்கள், அதனால்தான் உங்களோடு உட்கார்ந்து கணக்குப் பார்க்க முடிகிறது.

ஹைட்ரோமீட்டர் பார்த்தபோது வொர்ட் (வடித்தெடுத்த இனிப்புத் தண்ணீர்) என்ன சூட்டில் இருந்தது? பெரும்பாலான ஹைட்ரோமீட்டர்கள் 20 டிகிரிக்கு அளவிட்டவை. 60 டிகிரியில் பார்த்தால் ஏறக்குறைய 16 புள்ளி குறைத்துக் காட்டும். நான் என் முதல் பியரில் அந்தப் பிழையைத்தான் விட்டேன், ஒரு நாள் முழுக்கக் கவலைப்பட்டேன்.

அது சரியாக இருந்தால் நான் உடைப்பைத்தான் சொல்லுவேன். கடையில் உடைக்கும்போது உருளைகளின் இடைவெளி கூடிப்போனால் பாதி மணி முழுசாகவே வரும். ஒரு கைப்பிடி எடுத்துப் பாருங்கள், உடையாத மணி கண்ணில் பட்டால் அதுதான் காரணம்.

கிழக்குலண்டன் (ஞாயிறு காலை)

தம்பி, சூட்டைப் பார்த்துத்தான் அளந்தேன். செம்புச் சுருளில் குழாய்த் தண்ணீர் ஓடவிட்டு ஆறவைத்தது, 20 டிகிரிக்கு வந்தபிறகு குவளையில் எடுத்துப் பார்த்தேன். ஹைட்ரோமீட்டரை லேசாகச் சுழற்றி, ஒட்டியிருந்த குமிழி போனபிறகு குனிந்து கண் மட்டத்தில் வைத்துப் படித்த எண் அது. 1.036 என்பதில் சந்தேகம் இல்லை.

மால்ட்டில் ஒரு கைப்பிடி மிச்சம் இருந்தது, வெள்ளைத் தட்டில் பரப்பிப் பார்த்தேன். ஐம்பது மணியில் இரண்டு மூன்றுதான் முழுசு. மற்றதெல்லாம் இரண்டாக, மூன்றாக உடைந்து உமி தனியாகக் கழன்று இருக்கிறது. உடைப்பு மோசமில்லை என்றுதான் எனக்குப் படுகிறது.

நொதிவாசகன் (ஞாயிறு காலை)

கணக்கைப் போட்டுவிடுவோம், அப்புறம் காரணம் தேடலாம். இந்த மாதிரி மால்ட் ஒரு கிலோவில் சுமார் 300 புள்ளி-லிட்டர் (புள்ளியை லிட்டரால் பெருக்கினால் வருவது) இருக்கிறது என்று வையுங்கள். 4.5 கிலோவுக்கு 1350. உங்களுக்குக் கிடைத்தது 36 பெருக்கல் 23, அதாவது 828. நூற்றுக்கு 61. கூல்பாக்ஸில் செய்து இரண்டு தடவை அலசினால் 70 முதல் 75 வரை வருவது சாதாரணம். ஆக, மாவுச்சத்தில் ஒரு பங்கு சர்க்கரையாக மாறவே இல்லை, அல்லது மாறியும் கூல்பாக்ஸிலேயே தங்கிவிட்டது.

மாறுவது எப்படி என்று புதிதாகப் படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். கேழ்வரகை முளைகட்டி, காயவைத்து, அரைத்துக் குழந்தைக்குக் கூழ் காய்ச்சியவர்களுக்கு இது தெரியும். முளைகட்டாத மாவில் காய்ச்சினால் கொழகொழவென்று கெட்டியாகும், முளைகட்டிய மாவில் அதே அளவு போட்டாலும் நீர்க்க இருக்கும், லேசாக இனிக்கும். முளைவிடும் விதை தன் மாவுச்சத்தைத் தானே சர்க்கரையாக்கிக்கொள்ள நொதிகளைச் சுரக்கிறது, அந்த நொதி கூழ்ப் பானையிலும் வேலை செய்கிறது. மால்ட் என்பது முளைகட்டி உலர்த்திய பார்லிதான். மாஷ் என்பது அந்த நொதிக்கு ஒரு மணி நேரம் தோதான சூடு கொடுத்துக் காத்திருப்பது.

சூடு ஏன் முக்கியம் என்றால் அதில் இரண்டு நொதிகள் இருக்கின்றன. பீட்டா அமிலேஸுக்கு 60 முதல் 65 டிகிரி பிடிக்கும், ஈஸ்ட் முழுக்கத் தின்றுவிடக்கூடிய சர்க்கரையை அது தரும். ஆல்ஃபா அமிலேஸ் 70ஐ ஒட்டி வேகமாக ஓடும், அது வெட்டிப்போடுவதில் ஈஸ்ட் தொடாத பெரிய துண்டுகளும் மிஞ்சும், பியருக்கு நாக்கில் ஒரு கனம் அதனால்தான் வருகிறது. 67 என்பது இரண்டுக்கும் நடுவில் ஒரு சமாதானம். உங்களுக்கு ஒரு மூலையில் 61, நடுவில் 70 என்றால் கூல்பாக்ஸுக்குள் ஒரே மாஷ் இல்லை, மூன்று நான்கு மாஷ் இருந்திருக்கிறது. என் சந்தேகம் அங்கேதான்.

துடுப்புக்காரி (ஞாயிறு மதியம்)

நொதிவாசகன் சொன்னதையேதான் நானும் சொல்ல வந்தேன், ஆனால் நொதி வரைக்கும் போகவேண்டியதில்லை. மொத்த மால்ட்டையும் வெந்நீரில் கொட்டிக் கிளறினேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கே நின்றுவிட்டேன். நான் தர்மபுரிக்காரி, இப்போது மெல்போர்னில் இருக்கிறேன். எங்கள் வீட்டில் களி கிண்டும்போது மாவை ஒரேயடியாகக் கொட்டினால் அம்மா துடுப்பைப் பிடுங்கிக்கொள்வார். கட்டி தட்டிவிடும். கட்டியின் மேல்தோல் வெந்து மெழுகு மாதிரி மூடிக்கொள்ளும், உள்ளே பச்சை மாவு அப்படியே இருக்கும், அதற்கப்புறம் எவ்வளவு நேரம் அடுப்பில் வைத்தாலும் தண்ணீர் உள்ளே போகாது.

உடைத்த மால்ட்டிலும் மாவு இருக்கிறது, 75 டிகிரித் தண்ணீரில் அதுவும் அப்படித்தான் கட்டி தட்டும். அலசி முடித்த சக்கையைத் தூக்கிப் போட்டுவிட்டீர்களா? இருந்தால் கையை விட்டு அளைந்து பாருங்கள்.

கிழக்குலண்டன் (ஞாயிறு மாலை)

அக்கா, சக்கை தோட்டத்து உரத்தொட்டியில் மேலாகவே கிடந்தது. கையுறை போட்டுக்கொண்டு போய்த் துழாவினேன்.

முதலில் ஒன்றும் தெரியவில்லை, ஈரமான உமியும் தவிடும்தான். இன்னும் ஆழமாக விட்டபோது எலுமிச்சம்பழ அளவில் ஒன்று கையில் தட்டுப்பட்டது. வெளியே பார்த்தால் மற்ற சக்கை மாதிரியே பழுப்பு நிறம், கொஞ்சம் வழவழப்பு. இரண்டு கட்டைவிரலாலும் பிளந்தேன். உள்ளே வெள்ளை வெளேரென்று காய்ந்த மாவு, விரலில் ஒட்டாமல் பொடியாக உதிர்ந்தது. ஒரு மணி நேரம் வெந்நீரில் கிடந்து, இரண்டு தடவை அலசலையும் தாண்டி, ஒரு ராத்திரி வெளியில் கிடந்த பிறகும் உள்ளே சொட்டு ஈரம் இல்லை. அப்படி பதினொன்று எடுத்தேன். சின்னதாக நெல்லிக்காய் அளவில் இருந்ததை எண்ணவில்லை.

எட்டுப் புள்ளி எங்கே போனது என்று நேற்று ராத்திரி முழுக்க யோசித்தேன். தோட்டத்தில் கிடந்திருக்கிறது.

ஸ்கார்பரோதம்பி (ஞாயிறு மாலை)

பதினொன்றா! சரி, அக்கா சொன்னதுதான் சரி. ஆனாலும் உடைப்பை நான் முழுசாக விடமாட்டேன். கொஞ்சம் நுணுக்கி உடைத்தால் இன்னும் மூன்று நான்கு புள்ளி கிடைக்கும்.

இன்னொன்று, இப்போதிருக்கிற 23 லிட்டரைத் தூக்கிவிடவும் வழி இருக்கிறது. உலர் மால்ட் பொடி அரைக் கிலோவைக் கொஞ்சம் தண்ணீரில் கொதிக்கவைத்து, ஆறவைத்துச் சேர்த்தால் எட்டுப் புள்ளியும் திரும்ப வந்துவிடும். ஈஸ்ட் இப்போதுதான் தொடங்கியிருக்கும், இன்றைக்கே செய்தால் பிரச்சினை இல்லை.

நொதிவாசகன் (ஞாயிறு இரவு)

கணக்கு சரி, ஆனால் நான் அப்படிச் செய்யமாட்டேன். 1.036இல் தொடங்கி 1.010இல் முடிந்தால் 3.4 சதவீதம் ஆல்கஹால் வரும். இங்கிலாந்தில் பப்களில் சாதாரண பிட்டர் என்று ஊற்றுவது ஏறக்குறைய அந்த அளவுதான். இரண்டு மூன்று கிளாஸ் குடித்துப் பேசிக்கொண்டிருப்பதற்கென்றே வந்த பியர் அது, குறைபட்ட பியர் இல்லை. ஒரே வித்தியாசம், ஹாப்ஸை 1.044க்குக் கணக்குப் பண்ணிப் போட்டிருக்கிறார், அதனால் கசப்பு கொஞ்சம் முன்னால் நிற்கும். பிட்டரில் அது தப்பே இல்லை.

உடைப்பையும் கிளறலையும் ஒரே தடவையில் மாற்றாதீர்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டையும் மாற்றி 1.044 வந்தால் எது காரணம் என்று கடைசி வரைக்கும் தெரியாது. தவிர, ரொம்ப நுணுக்கினால் உமி கிழிந்துபோகும். வடிக்கும்போது அந்த உமிதான் சல்லடை. அது போனால் குழாய் அடைத்துக்கொண்டு சொட்டுச் சொட்டாக வரும்.

கிழக்குலண்டன் (ஞாயிறு இரவு)

தம்பி, பொடி சேர்க்கவில்லை. டப்பாப் பாகை விட்டு வெளியே வரத்தான் இதில் இறங்கினேன், முதல் பியர் முழுக்கத் தானியத்திலிருந்து வந்ததாகவே இருக்கட்டும். அடுத்ததில் அதே மால்ட், அதே உடைப்பு, அதே தண்ணீர். கிளறுவதை மட்டும் மாற்றுகிறேன்.

தண்ணீர் பற்றி ஒரு கேள்வி. கிழக்கு லண்டனில் ஈஸ்ட் ஹாம் என்ற பகுதியில் இருக்கிறேன், கெட்டிலின் அடியில் இரண்டே வாரத்தில் வெள்ளையாகப் படிந்துவிடும். இதுவும் ஏதாவது கெடுக்குமா?

நொதிவாசகன் (திங்கள் காலை)

கெடுக்கும், ஆனால் கட்டி அளவுக்கு இல்லை. மாஷின் பிஎச் (புளிப்பு கூடினால் குறையும் எண்) 5.2 முதல் 5.6க்குள் இருந்தால் நொதிக்கு நல்லது. லண்டன் தண்ணீரில் பைகார்பனேட் அதிகம், அது பிஎச்சை மேலே தள்ளும். கருக வறுத்த மால்ட்டில் புளிப்பு உண்டு, அது சரிக்கட்டிவிடும். போர்ட்டர், ஸ்டவுட் மாதிரிக் கருப்பு பியர் லண்டனுக்குத் தோதாக அமைந்ததற்கு அந்தத் தண்ணீரையும் ஒரு காரணமாகச் சொல்வார்கள். பர்ட்டன்-ஆன்-ட்ரென்ட் தண்ணீரில் ஜிப்சம் அதிகம், அதனால் அந்த ஊர் வெளிர்நிற ஏல் வகை பியருக்குப் பேர்போனது. நீங்கள் காய்ச்சுவது வெளிர்நிறம். லாக்டிக் அமிலம் சில மில்லி போட்டு, பிஎச் தாளில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிஎச் ஏறிய தண்ணீரில் அலசும்போது சூடும் 77 டிகிரிக்கு மேல் போனால் உமியிலிருந்து துவர்ப்பு இறங்கும். டீத்தூளை அடுப்பிலேயே விட்டுவிட்டால் வருமே, அதே துவர்ப்பு.

குளோரினையும் பாருங்கள். கேம்ப்டன் மாத்திரை அரையை நுணுக்கி முதல் நாளே மொத்தத் தண்ணீரிலும் கரைத்துவிட்டால் போதும். குளோரின் தங்கினால் பியரில் ஆஸ்பத்திரி வாடை வரும், அதை அப்புறம் எதாலும் எடுக்கமுடியாது.

புதியவன்73 (திங்கள் மதியம்)

சென்னையிலிருந்து படித்துக்கொண்டிருக்கிறேன். இவ்வளவு விவரமாகத் தமிழில் இப்போதுதான் பார்க்கிறேன், நன்றி. பாத்திரங்கள் எல்லாம் இங்கேயே கிடைக்கும் போலிருக்கிறது. வீட்டில் ஒரு ஐந்து லிட்டர் முயற்சி பண்ணலாமா?

துடுப்புக்காரி (திங்கள் மாலை)

தம்பி, வேண்டாம். அங்கே தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம் 1937 இருக்கிறது, உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம், ஐந்து லிட்டர் என்றாலும் வீட்டுக்கு மட்டும் என்றாலும். பிரிட்டனில் சொந்தக் குடிக்குக் காய்ச்ச உரிமம் வேண்டாம் என்று 1963இலேயே ஆக்கிவிட்டார்கள், அதனால் கிழக்குலண்டன் செய்யலாம், ஆனால் அவரும் விற்கக்கூடாது. ஆசை இருந்தால் மால்ட் வரைக்கும் செய்து பாருங்கள். கேழ்வரகை முளைகட்டி, காயவைத்து, அரைத்து, அந்தக் கூழில் சூட்டை மாற்றி மாற்றி வைத்து எப்போது இனிக்கிறது என்று பாருங்கள். இந்த வேலையில் அதுதான் பாதி.

நாய் வளர்க்கிறவர்களுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன்: கொதித்த ஹாப்ஸ் சக்கையை நாய் எட்டும் இடத்தில் போடாதீர்கள். நாய்க்கு அது விஷம், உடம்புச் சூடு தாறுமாறாக ஏறி உயிருக்கே ஆபத்தாகும்.

கிழக்குலண்டன் (ஐந்து வாரம் கழித்து)

விட்ட இடத்திலிருந்து சொல்கிறேன். பன்னிரண்டாம் நாள் 1.010, பதினான்காம் நாளும் 1.010, அசையவில்லை. அதற்கப்புறம்தான் பாட்டிலில் அடைத்தேன். நொதித்து முடியாமல் அடைத்தால் பாட்டில் வெடிக்கும் என்பதால் இரண்டு நாள் இடைவெளியில் ஒரே எண் வரும்வரை கை வைக்கக்கூடாது என்று வைத்திருக்கிறேன். 90 கிராம் சர்க்கரையைக் கொதிக்கவைத்துக் கலந்து, அரை லிட்டர் பாட்டிலில் 42 வந்தது.

இரண்டு வாரம் கழித்து முதல் பாட்டிலைத் திறந்தேன். தேன் நிறம், நுரை ஒரு விரல்கடை நின்று மெதுவாக இறங்கியது. மூக்கருகே கொண்டுபோனால் ரொட்டியின் மேல்தோல் வாசம், அடியில் பாகு காய்ச்சுகிற வாசம் கொஞ்சம். கசப்பு முன்னால் நிற்கும் என்று நொதிவாசகன் சொன்னது அப்படியே. டப்பாப் பாகில் செய்ததில் குடித்து முடித்ததும் ஒரு பழைய இனிப்பு நாக்கில் தங்கும், அது இதில் இல்லை. என் மனைவி ஹாப்ஸ் கசப்பே பிடிக்காது என்பவள், அரை கிளாஸ் வாங்கிக் குடித்துவிட்டு இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னாள். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தை இங்கே எழுதத் தெரியவில்லை.

போன சனிக்கிழமை இரண்டாவது காய்ச்சினேன். கேம்ப்டனையும் அமிலத்தையும்கூட இந்தத் தடவை தொடவில்லை, பழைய தண்ணீர்தான். 12 லிட்டர் 75 டிகிரியில் வைத்து, ஒரு குவளை மால்ட் தூவுவது, துழாவுவது, அடுத்த குவளை. அக்கா சொன்ன மாதிரித் துடுப்பு இங்கே எங்கே கிடைக்கும் என்று தேடி, கடைசியில் நீளமான மரக்கரண்டி ஒன்று வாங்கினேன். அடியிலிருந்து மேலே வாரி, சுவரை ஒட்டித் தேய்த்து, தட்டுப்பட்ட கட்டியை எல்லாம் பக்கச்சுவரில் வைத்து நசுக்கினேன். எட்டு நிமிடம் ஆனது, கை வலித்தது. முடித்துவிட்டு நான்கு மூலையிலும் நடுவிலும் பார்த்தேன்: 66, 67, 67, 66, 67.

பானையில் 27.5 லிட்டர், ஃபெர்மென்டரில் 23. ஹைட்ரோமீட்டர் 1.043.

நொதிவாசகன் (அதே நாள்)

989ஐ 1350ஆல் வகுத்தால் 73 சதவீதம். உடைப்பைத் தொடாமலே!

ஸ்கார்பரோதம்பி (அதே நாள்)

ஒத்துக்கொள்கிறேன் அண்ணை, உடைப்பு இல்லை. நானும் நேற்று என் சக்கையைத் துழாவிப் பார்த்தேன், இரண்டு கட்டி இருந்தது. ஆறு வருடமாகக் காய்ச்சுகிறேன், ஒரு தடவைகூட உள்ளே கை விட்டுப் பார்த்ததில்லை. அடுத்து என்ன?

கிழக்குலண்டன் (அதே நாள்)

இனி தண்ணீரைக் கவனிக்கவேண்டும், கேம்ப்டன் வாங்கிவைத்தாயிற்று. பாதிக்குப் பாதி கோதுமை மால்ட் போட்டு ஒரு பியர் காய்ச்ச ஆசை. ஆனால் கோதுமைக்கு உமி இல்லையே, வடிக்கும்போது குழாய் அடைக்காதா?

துடுப்புக்காரி (அதே நாள்)

அடைக்கும். நெல் உமி சேருங்கள். அங்கே பியர் சாமான் கடையில் பொட்டலம் போட்டே விற்பார்கள். உங்கள் அளவுக்கு 200 கிராம் போதும், நன்றாக அலசி ஊறவைத்து, மால்ட்டோடு கலந்துவிடுங்கள். ருசியில் தெரியாது. நான் பை முறைக்காரி, ஆஸ்திரேலியாவில் ஆரம்பித்துப் பரவிய முறை அது, துணிப்பையோடு தூக்கி வடித்துவிடுவதால் எனக்கு உமி தேவைப்படுவதில்லை. உங்கள் கூல்பாக்ஸுக்குத் தேவைப்படும். கோதுமை மாவு பார்லியைவிடச் சீக்கிரம் கட்டி தட்டும், அதனால் குவளையை இன்னும் சின்னதாக எடுத்துக்கொள்ளுங்கள்.